பால்மரக் காட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பட்டணத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாலையோரக் கடையில் கோப்பி ஓ வாங்கிக்கொண்டு நின்றால், ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்ட மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போவதைப் பார்க்கலாம். ஜாக்கெட்டின் முதுகுத் துணி நெஞ்சின்மீது விரிந்திருக்கும். ஜிப் முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். ஓட்டுநர் பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஜிப்பின் இடுக்கில் புகும் பனிக்காற்று நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும் என்பது அப்பா காலத்து அனுபவம். துணி குறுக்கே நின்றால் காற்று உள்ளே வராது, வேலைச் சட்டையில் தூசியும் படாது. வேலையிடத்துக்கு வந்ததும் ஸ்டாண்டைப் போடுவதற்குள் ஜாக்கெட் கழன்றுவிடும்.

அவர்களில் சிலர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள். சிலர் செம்பனைத் தோட்டத்துக்கு. ஒரு பெண், தன் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை அம்மாவின் முதுகில் முகத்தை ஒட்டிவைத்துத் தூங்கிக்கொண்டே வருகிறது. முன்னால் உள்ள கூடையில் சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து. எல்லாரும் ஓட்டுவது கப்சாய் என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே பெயரால் அழைக்கும் சின்ன மோட்டார்.

மோட்டார் சைக்கிளின் ஈர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வேகமும் பெரிய எஞ்சினும் நீண்ட பாலைவனச் சாலையும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். கெடாவில் அந்த ஈர்ப்பின் வேரைத் தேடினால் அது பால்மரக் காட்டுக்குள் போய் நிற்கிறது. இங்கே தோட்டத்துத் தமிழருக்கு மோட்டார் கொண்டுவந்து கொடுத்த பெரிய பொருள், சொந்த நேரம்.

தோட்டத்தில் நேரம் துரைக்குச் சொந்தமாக இருந்தது. இருட்டோடு மணி அடிக்கும். லயத்து வீடுகளிலிருந்து எழுந்து வந்து பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கிராணி பெயர் வாசிப்பார், கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்து, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போய் நிறுக்க வேண்டும். பட்டணத்துக்குப் போவது சம்பளத்துக்கு மறுநாள். அதற்கும் பஸ் நேரம் பார்த்துச் செம்மண் சடக்கில் பெரிய ரோடு வரை நடக்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டவர் இருட்டில் பால்மரங்களுக்கு நடுவே நடந்துதான் வீடு சேர்ந்தார். பெரிய தோட்டங்கள் பல பிரிவுகளாக விரிந்து கிடந்தன. கூலிம் மாவட்டத்து டப்ளின் தோட்டம் போன்றவற்றில் ஒரு பிரிவில் பெண் எடுத்து இன்னொரு பிரிவில் வாழ்ந்தவர்களுக்குத் தாய்வீடே ஒரு பயணம்.

இதில் ஒரு கசப்பான உண்மை உண்டு. தமிழர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் மலாயாவுக்குக் கொண்டுவந்ததே சக்கரங்கள்தாம். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. உலகத்துக்கு ரப்பர் போதவில்லை. 1910-ஐ ஒட்டி விலை வானத்தைத் தொட்டது. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் காடு அழிந்து ரப்பர் வரிசை எழுந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். அந்த முறை 1938-இல்தான் முடிவுக்கு வந்தது. டயர் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளே மலாயாவில் தோட்டம் வாங்கின. உலகம் முழுக்க ஓடிய டயர்களுக்குப் பால் வெட்டிக் கொடுத்தவர்கள் வேலைக்காட்டுக்கு நடந்துதான் போனார்கள்.

நடைக்கு அடுத்துச் சைக்கிள் வந்தது. முதலில் கிராணிமாருக்கு, பிறகு கங்காணிகளுக்கு, மெல்ல மற்றவர்களுக்கு. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும் குரூணிலும் பிரிட்டிஷ் படையை உடைத்துக்கொண்டு ஜப்பானியர் தெற்கே இறங்கியபோது, இதே பெரிய ரோட்டில் சைக்கிள் மிதித்தே வந்தார்கள். காலாட்படைக்குச் சைக்கிள் கொடுத்தால் என்ன வேகம் கிடைக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய சாலை இது. போர் முடிந்த பிறகு, சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிய தொழிற்சங்கக்காரர்களும் இந்த ரோட்டில்தான் போனார்கள்.

எஞ்சின் வைத்த சைக்கிள் என்று சொல்லத்தக்க சூப்பர் கப்பை ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்டது. சோய்ச்சிரோ ஹோண்டா எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். விற்பனையைப் பார்த்த தாக்கேயோ ஃபுஜிசாவா, ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்றார். அதனால் சூப்பர் கப்பில் கிளட்ச் பிடி இல்லை. காலால் கியரை மிதித்தால் போதும். எஞ்சின் கீழே இருக்கும், நடுவில் கால் தூக்கிப்போடத் தாழ்வான இடம், முன்னால் சேறு தெறிக்காமல் பிளாஸ்டிக் மறைப்பு. பாவாடை கட்டிய பெண்ணும் சேலை கட்டிய பெண்ணும் ஏறி உட்காரலாம். 2017-இல் இந்த வரிசை 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. உலகத்தில் எந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு செய்யப்பட்டதில்லை.

அந்த வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்குக்காரர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவி, மெக்கானிக்காகி, பஸ் முதலாளியான மனிதர். 1958-இல் ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றார். பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் பட்டர்வொர்த், அதைத் தாண்டினால் கெடா. பால்மரக் காட்டின் வாசலில்தான் கப்சாய் வந்து இறங்கியது என்று சொல்லலாம்.

தோட்டத்தில் முதல் மோட்டார் வந்த நாளைச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. சீனர் கடையில் தவணைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் நசுக்கி, வண்டி லயத்து முன்னால் வந்து நிற்கும். அன்றிரவே அது குடும்பத்தின் சொத்து என்பது போய் லயத்து வரிசையின் சொத்தாகிவிடும். பிரசவ வலி எடுத்தால் அந்த மோட்டார், பாம்பு கடித்தால் அந்த மோட்டார், படிவம் ஒன்றில் சேர்ந்த பிள்ளையைச் சுங்கைப்பட்டாணி இடைநிலைப்பள்ளிக்குக் கொண்டுபோக அந்த மோட்டார். ஆரம்பப் பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஹென்ரியட்டா, விக்டோரியா, பேடனோக், ஹார்வர்ட் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் கெடாவில் நிறைய. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க வெளியே போகத்தான் வேண்டும். பஸ் இல்லாத தோட்டத்தில் படிப்பு நின்றதற்கும் தொடர்ந்ததற்கும் இடையில் பல வீடுகளில் ஒரு பழைய ஹோண்டா சி70 நின்றிருக்கிறது. தமிழ்ச் சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வண்டிக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சுங்கைப்பட்டாணிக்குள் நுழைகிறவரை, பட்டணத்து நடுவே 1936-இல் எழுந்த மணிக்கூண்டு வரவேற்கும். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டிக் கட்டியது. அதைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று வருவார்கள். மோட்டார்க்காரர் ஐந்தடி நடைபாதைத் தூணோரத்தில் வண்டியைச் சொருகிவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஊரின் உண்மையான மோட்டார் உலகம் மணிக்கூண்டிலிருந்து விலகி, தாமான்களின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட வொர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. அப்படி ஒன்றில், ஒரு பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 பலகைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. வண்டிக்காரனுக்கு இருபது வயதிருக்கும்.

“அண்ணே, கியர் மாத்தறப்ப செயின் அடிக்குது. கொஞ்சம் பாருங்கண்ணே.”

போமென் பதில் சொல்லவில்லை. செயின் கூட்டின் அடிப்பாதியைக் கழற்றி வைத்துவிட்டு, விரலால் செயினை நடுவில் தூக்கிப் பார்க்கிறார். ஓர் அங்குலம் ஆட வேண்டிய இடத்தில் இரண்டங்குலம் தொங்குகிறது. பின்சக்கரத்தை மெல்ல உருட்டுகிறார். ஓரிடத்தில் செயின் இறுகுகிறது, அடுத்த சுற்றில் தளர்கிறது. பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. பழைய துணியால் கிரீஸைத் துடைத்து, ஒரு பல்லின்மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டுகிறார்.

“இது பல்லா, ஊசியா? இழுத்துக் கட்டுனா இன்னைக்குச் சரியாயிரும் தம்பி. மழையில வளைவுல அறுந்துச்சுன்னா எங்கடா போய்ப் புடிப்பே? செயின், முன்பல்லு, பின்பல்லு மூணும் ஒண்ணா மாத்து.”

“பாலிங் வரைக்கும் போவணும்ணே, நாளைக்கு.”

“அப்ப இன்னைக்கே மாத்து.”

நூறு சிசிக்குச் சற்றே குறைந்த எஞ்சின் அது. 1980-களின் பின்பாதியிலிருந்து மலேசியாவில் ஓடுகிறது. இடையில் புகை விதிகளுக்காகக் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி வந்தது, எஞ்சின் கொஞ்சம் பெருத்தது, உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகும். உடைந்தால் எந்தக் கம்பத்திலும் சாமான் கிடைக்கும். இந்த வொர்க்‌ஷாப்பில் நிற்கும் இளைஞர்களின் கண் ஒய்15 வகை யமாஹாவின்மேல் இருந்தாலும், அப்பாவின் இ.எக்ஸ்.5-ஐ விற்க யாரும் ஒப்புவதில்லை. அதன் ஓட்டத்தைக் காதாலேயே அறிந்தவர்கள் அவர்கள். சைலன்சர் சத்தத்தை வைத்தே யார் வீட்டு மோட்டார் சந்தில் திரும்புகிறது என்று தாமான் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே பீடோங், அதற்கு வடக்கே குரூண். இடப்பக்கம் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்தில் கூடவே வருகிறது. குரூணில்தான் மலேசியா தன் சொந்த மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1995-இல் தொடங்கிய மொடெனாஸ் நிறுவனம் இங்கே ஆலை எழுப்பி, கவாசாகியின் தொழில்நுட்பத்தோடு கிறிஸ் என்ற 111 சிசி வண்டியை 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய பிரதமர் மகாதீர் அலோர் ஸ்டாரில் பிறந்தவர்; சொந்த மாநிலத்துக்கு ஆலை வந்ததில் அந்தக் காலத்தின் தேசியத் தொழில் கனவும் கலந்திருந்தது. பக்கத்துத் தோட்டங்களில் மரங்கள் வயதாகி, ஆட்கள் வெளியேறத் தொடங்கியிருந்த நேரம். நெல் வயலுக்கும் பால்மரத்துக்கும் நடுவே எஞ்சின் பூட்டும் வரிசை வந்தது.

மோட்டார் பிரியர்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று இதற்கு அடுத்த ஆண்டே நடந்தது. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், ஜப்பானிய நிறுவனங்களை நம்பாமல் தன் அணிக்குச் சொந்த வண்டி கட்டினார். மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 500 சிசி. 1997-இல் உலகப் பந்தயத்தில் இறங்கிய அந்த வண்டியின் பெயர் மொடெனாஸ் கே.ஆர்.3. கட்டியது இங்கிலாந்தில், ஓட்டியவர்களில் ஒருவர் கென்னியின் மகன், பெயர் கொடுத்தது குரூண் ஆலையின் நிறுவனம். வெற்றி வாய்க்கவில்லை. ஆனாலும் ஹோண்டாவும் யமாஹாவும் சுசுக்கியும் ஆண்ட களத்தில் அந்தப் பெயர் ஓடியது.

2017-இல் இதே ஆலையின் பெயரில் இன்னொரு வண்டி வந்தது: இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தின் பல்சர். ஆர்.எஸ்.200, என்.எஸ்.200 என்று கெடாச் சாலைகளில் அது ஓடத் தொடங்கியபோது, தமிழ்ப் படங்களில் நாயகன் ஓட்டிப் பார்த்திருந்த வண்டி வீட்டு வாசலுக்கே வந்ததாகத் தமிழ் இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். சென்னைத் திருவொற்றியூரில் 1950-களின் நடுவிலிருந்து செய்யப்பட்ட ராயல் என்ஃபீல்டு வகையும் இங்கே கண்ணில் படுகிறது, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு இந்த வட்டாரத்தில் ஜெராய் மலையைச் சுற்றி வருவதைவிடச் சிறந்த வழி இல்லை. பீடோங்கில் பெரிய ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் செமெலிங். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது, மலேசிய இந்திய காங்கிரஸின் (ம.இ.கா.) கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. எழுப்பியது. பல்மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கப்சாயில் இரண்டு பேராகச் சாப்பாட்டுக் கடைக்கு வருவார்கள். அங்கிருந்து மெர்போக். பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருள் காட்சியகத்துக்கு ஏறும் கிளைச்சாலை நிழலாக இருக்கும்; ஓடையோரம் புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளம். 1930-களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இடம், 1960-இல் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தக் கரைதான் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கற்களைச் சுற்றி நடக்கிறார்கள்.

மெர்போக்கைத் தாண்டிச் சிங்கிர் வழியே யானுக்குப் போகும்போதுதான் மோட்டாரின் அருமை உடம்புக்குத் தெரியும். வலப்பக்கம் ஜெராயின் காடு சரிந்து வருகிறது. இடப்பக்கம் வயலும் அதற்கப்பால் கடலும். காட்டோரம் நெருங்கும் இடத்தில் காற்று குளிர்கிறது. வயலுக்கு வந்ததும் முகத்தில் சூடு அடிக்கிறது. மீன் காயும் கம்பத்தைத் தாண்டும்போது மூக்குக்குத் தெரிகிறது. காரில் போகிறவருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. ஒட்டுப்பால் ஏற்றிய லாரி முன்னால் போனால் அந்த நாற்றமும் கிடைக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை. மூச்சை இழுத்து, “நம்ம ஊரு வாசம்” என்பார்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வடக்கே மழை குறைந்து வெயில் ஏறும் காலத்தில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். எஞ்சியிருக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகள் அப்போது செம்பழுப்பு இலையால் மூடிக் கிடக்கும். முன்னால் போகும் மோட்டாரின் பின்னால் இலைகள் எழுந்து சுழன்று விழும். அழகான காட்சி. ஆனால் காய்ந்த இலைக்கு அடியில் டயர் வழுக்கும் என்பதால் வளைவில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்தே போக வேண்டும்.

யானிலிருந்து குவார் செம்பெடாக் வந்து, குரூண் வழியாக மீண்டும் பீடோங். அங்கே நின்று ஒரு செய்தியை நினைத்துக்கொள்வது நல்லது. 1946, 47-இல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் எழுந்தது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி; தோட்டத்துக்கு லாரி ஓட்டியவர். தோட்டத்து எல்லைக்குள் அடைந்து கிடந்த மக்களிடையே, சக்கரத்தின்மேல் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய்வரக்கூடிய ஒருவர் தலைவரானது தற்செயலாகத் தோன்றவில்லை. பீடோங் வட்டாரத்தில் போலீஸ் நடவடிக்கையும் கைதுகளும் அந்த இயக்கத்தை ஒடுக்கின.

மோட்டாரின் புகழைப் பாடுகிறவர்கள் அது கொல்லும் உயிர்களைப் பற்றிப் பேசாமல் நழுவக்கூடாது. மலேசியச் சாலைகளில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இப்படி இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், பின்னால் உட்கார்ந்தவர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காவடி எடுத்த பையன் அடுத்த மாதம் படத்தில் மாலையோடு இருப்பதைப் பார்க்காத தாமான் இல்லை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டும் ரெம்பிட் கூட்டத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்கில் பெரும்பங்கு ஷிப்ட் முடிந்து களைப்போடு திரும்புகிறவர்களும், சந்திப்பில் லாரிக்காரர் கண்ணில் படாமல் போனவர்களும்தான்.

இந்த நாடு இதில் சும்மா இருந்துவிடவில்லை. ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது 1973-இல், பல நாடுகளுக்கு முன்பே. 1992 செப்டம்பர் முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பேராசிரியர் ராடின் உமாரும் மற்றவர்களும் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்து, வண்டி கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். சிலாங்கூரில் கூட்டரசு நெடுஞ்சாலைக்கு அருகே மோட்டார்களுக்கென்று தனிப்பாதையே போட்டார்கள். கெடாவின் உள்சாலைகளில் அப்படி எதுவும் இல்லை. செம்பனை லாரியும் பள்ளி பஸ்ஸும் பிள்ளையைப் பின்னால் வைத்த அம்மாவும் ஒரே ஒற்றைப் பாதையில்தான் போகிறார்கள். ஹெல்மட்டின் வார்ப்பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் ஒழிந்தாலே எத்தனையோ வீடுகளில் அழுகை குறையும். இதைப் பெரியவர்கள் வெட்கப்படாமல், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று, பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்ட பிறகு, தோட்டங்களிலிருந்து வெளியேறும் வேகம் கூடியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டமானது. லயத்தை விட்டு வந்தவர்கள் லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி தாமான்களில் சிதறினார்கள். சிதறியவர்களைச் சேர்த்து வைத்திருப்பது கோயில். ஆண்டுத் திருவிழா அன்று, ஆள் குடியில்லாத தோட்டத்தின் செம்மண் சடக்கில் மோட்டார்கள் வரிசையாக நுழையும். பொங்கல் பானை ஒன்றில், வாழைக்குலை ஒன்றில், மைக் செட்டின் பெட்டி இன்னொன்றில். லயம் இருந்த இடத்தில் செம்பனை. நடுவில் கோயிலும் ஒரு பழைய மாமரமும். வண்டியை நிறுத்தும் இடத்தைக்கூட, “இதுதான் நம்ம வாசப்படி” என்று பார்த்து நிறுத்துகிறவர்கள் உண்டு.

தைப்பூசத்துக்கு இந்தக் கூட்டம் பினாங்கு போகும். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில், மோட்டாருக்கு 1 வெள்ளி 40 காசு கட்டணம் இருந்தது. 2019 ஜனவரி முதல் அது நீங்கியது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையிலும் மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது. தினமும் பினாங்குத் தொழிற்சாலைக்கு ஓடுகிறவருக்கு மாதக் கணக்கில் அந்தப் பாலக் கட்டணம் ஒரு மூட்டை அரிசிக்கான காசு. நடுப்பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது கப்சாய் ஒரு முழம் தள்ளிப்போகும். பழகியவர்கள் தோளைத் தளர்த்தி, வண்டியைக் காற்றோடு கொஞ்சம் ஆடவிட்டு ஓட்டுவார்கள்.

நீண்ட பயணத்துக்கு எஞ்சின் பெரிதாக வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தவர் ஒரு மலேசியப் பெண். ஈப்போவைச் சேர்ந்த அனிதா யூசோப், 150 சிசி யமாஹா எஃப்இசட்-இல் 2015 செப்டம்பரில் தனியாகப் புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி 2016-இல் திரும்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஹஃபிஸ் ஷாரின் 2018-இல் மோட்டோஜிபியின் உச்சப் பிரிவில் ஓடிய முதல் மலேசியரானார். சின்னக் கப்சாய்களுக்காக 1994 முதல் நடக்கும் கப் பிரி பந்தயம் தயாரித்த ஓட்டக்காரர்களில் அவரும் ஒருவர். இந்த நாட்டில் பெரிய கனவுகளுக்குச் சின்ன எஞ்சினே பள்ளிக்கூடம். தமிழ்ப் பெண்கள் கணவன் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போன காலம் மாறி, தாங்களே ஓட்டுவதற்கும் கப்சாய்தான் கைகொடுத்தது. 16 வயதில் பி2 லைசன் எடுத்த மகள், அம்மாவைப் பின்னால் வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறாள். அம்மா இன்னும் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து, ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து கிழக்கே கோல கெட்டில் வழியாகப் பாலிங் போகும் 67-ஆம் சாலை, வாரக்கடைசி ஓட்டக்காரர்களின் சாலை. கோல கெட்டில் வரை செம்பனையும் ரப்பரும் மாறி மாறி வரும். அதற்கப்பால் மேடு பள்ளம் கூடும், வளைவுகள் இறுகும், கம்பத்து வீடுகளின் முன்னால் டுரியான் குவியும் காலத்தில் வண்டிகள் தானாக நிற்கும். பாலிங் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக எழுகிறது. 1955 டிசம்பர் 28, 29-இல் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயா சீனர் தலைவர் டான் செங் லோக்கும், காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கோடு உட்கார்ந்து சமாதானம் பேசியது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், ரப்பர் விலை விழுந்து சிறு தோட்டக்காரர்கள் பட்டினியில் தெருவுக்கு வந்ததும் இங்கேதான். அந்தச் சிறு தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஒட்டுப்பால் சாக்கைக் கப்சாயின் பின்னால் ரப்பர்க் கயிற்றால் கட்டிக்கொண்டு எடை போடப் போகிறார்கள்.

பாலிங்கில் சாலை பிரிகிறது. வடகிழக்கே பெங்காலான் ஹுலு. அதற்கப்பால் தாய்லாந்தின் பெத்தோங். அந்தப் பக்கம் போகிறவர்கள் கடப்பிதழோடு தாய்லாந்துக் காப்புறுதியும் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு பெயரில் உள்ள வண்டியானால் சொந்தக்காரரின் கடிதமும் தேவை. பெங்காலான் ஹுலுவிலிருந்து தெற்கே கெரிக் வந்து சேர்ந்தால், 1982-இல் திறந்த கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை தொடங்குகிறது. ஜெலி வரை மழைக்காடு. சாலையைக் கடக்கும் யானைகளுக்காக எச்சரிக்கைப் பலகைகள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கை ஆட்டாமல், தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்த வழியில் ஏறவே கூடாது. கெரிக்கைத் தாண்டினால் எண்ணெய் நிலையம் கிடைப்பது அரிது. சுங்கைப்பட்டாணி வொர்க்‌ஷாப்பில் புதுச் செயின் மாட்டிய பையன் பாலிங்கோடு நிற்கப்போவதில்லை என்பது போமெனுக்குத் தெரிந்தே இருந்தது. காசை வாங்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “கெரிக்ல டாங்கி நெறைய ஊத்திக்க. கூட ஒரு போத்தல்ல எஞ்சின் எண்ணெய். ஏறத்துல முறுக்காதே தம்பி, மூணாவது கியர்லயே மெல்ல வுடு, அது ஏறிரும்.”